பொதிகைப் பச்சிலையும் அறிவின் அமானத்தும்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எனப் பல ஊர்களுக்கு நெல்லும் வாழையும் தந்து, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியைப் பற்றி எழுதிய அறிஞர்கள் பலர். ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் இந்நதியின் முகத்துவாரத்தில் விளைந்த முத்தைப் பற்றி எழுதினர். காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதினர். நதியின் தலையூற்றாகிய பொதிகையைப் பற்றி எழுதப் புகுந்தோர் அகத்திய முனிவரையும் தென்றலையும் சந்தனத்தையும் பாராட்டி எழுதினர். ஆனால் அம்மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்ற காணி மக்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

அக்காணி மக்களிடமிருந்து உலகம் பெற்றுக்கொண்ட ஒரு பச்சிலையின் வரலாற்றையே நாம் இங்கு எடுத்துக்கொண்டோம். அப்பச்சிலை உடலின் நோய் எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்று ஆய்வாளர் கூறினர். அதிலிருந்து ஒரு மருந்து பிறந்தது. அம்மருந்திலிருந்து ஓர் ஒப்பந்தமும், அவ்வொப்பந்தத்திலிருந்து ஒரு வழக்காறும், அதனோடு சில மனத்தாங்கல்களும் பிறந்தன. மருத்துவ வரலாறாகத் தொடங்கும் இக்கதை, அறிவு யாருக்குச் சொந்தம் என்னும் பெருவினாவில் வந்து நிற்கிறது. அந்த வினா நம் வீடுகளுக்கும் உரியதே என்பதைப் பின்னர் காண்போம்.

மலையின் இரு சரிவுகள்

அகத்தியமலைச் சிகரம் 1,868 மீட்டர் உயரமுடையது. அதன் கீழைச் சரிவில் பெய்யும் மழை தாமிரபரணியாகி நம்மிடம் வருகிறது. மேலைச் சரிவில் பெய்யும் மழை நெய்யாறு, கரமனையாறு முதலிய ஆறுகளாகித் திருவனந்தபுரம் பக்கம் ஓடுகிறது. மழைநீரைப் போலவே காணி மக்களும் இரு பக்கமும் பரவியுள்ளனர். கிழக்கே பாபநாசம் மேலணைக்கு அப்பால் மயிலாறு, இஞ்சிக்குழி, சேர்வலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு என்னும் இடங்களில் வாழ்வோர் அவர்களே. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறைப் பகுதியிலும், மேற்கே கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும் அவர்தம் குடிகள் உள்ளன. அவர்கள் பேசும் மொழியில் தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

ஒரு காலத்தில் இம்மலையின் முகட்டுக்கு மேற்கே திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியும், கிழக்கே ஆங்கிலேயரின் திருநெல்வேலிச் சீமையும் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. ஆயினும் முகட்டு எல்லை எல்லையாகவே நின்றது. ஒரே குலத்தார், ஒரே பாட்டைப் பாடுவோர், ஒரே மூலிகையை ஒரே பெயரிட்டு அழைப்போர் இரு அரசுகளின் குடிகளாயினர். இவ்வெல்லைக் கோடு நம் கதையின் இறுதியில் மீண்டும் குறுக்கிடும். ஆகையால் வாசகர்கள் இதனை நினைவில் இருத்துக.

காணிகளின் ஊர்த் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். மருத்துவரும் வழிபாட்டுக்குரியவருமாக விளங்குபவர் பிலாத்தி. நோயுற்றாரின் பக்கத்தில் அமர்ந்து, கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி, சாற்றுப்பாட்டைப் பாடுபவர் அவரே. எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை, அதனை எப்போது பறிப்பது, யாருக்குக் கொடுக்கலாகாது என்பன போன்ற நுட்பங்கள் பிலாத்தியின் நெஞ்சில் இருந்தன. ஏட்டில் இல்லை. தந்தையிடமிருந்து மகனும், மூத்தோரிடமிருந்து இளையோரும் காதால் கேட்டு, காட்டில் நடந்து கற்றுக்கொண்ட கல்வி அது.

1987 டிசம்பர்

1982ஆம் ஆண்டு இந்திய அரசு, நாட்டின் பழங்குடி மக்களுடைய தாவர அறிவைத் திரட்டுவதற்கென ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் தலைமை ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் டாக்டர் பி. புஷ்பாங்கதன் அவர்கள். 1987 டிசம்பரில் அவரும், டாக்டர் எஸ். ராஜசேகரன் முதலிய ஆய்வாளர்களும் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டனர். வழிகாட்டிகளாகக் காணி இளைஞர் சிலர் உடன் சென்றனர்.

செங்குத்தான மலை, கடுமையான ஏற்றம். படித்தவர்கள் களைத்து உட்கார்ந்தனர். சுமையோடு நடந்த காணி இளைஞரோ களைப்பின்றி இருந்தனர். அவர்கள் இடையிடையே ஏதோ ஒரு சிறு காயை வாயிலிட்டு மென்றுகொண்டே வந்தனர். அதில் சிலவற்றை ஆய்வாளருக்கும் கொடுத்தனர். தின்ற சிறிது நேரத்தில் தமக்கும் புத்துணர்ச்சி உண்டானதாக ஆய்வாளர்கள் பின்னர் எழுதினர். அது என்ன செடி என்று கேட்டபோது வழிகாட்டிகள் முதலில் சொல்ல மறுத்தனர். இது எங்கள் குலத்தின் மறைபொருள், வெளியாரிடம் சொல்வதற்கில்லை என்பது அவர்கள் நிலை. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று ஆய்வாளர்கள் உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினர். காட்டியவர்களின் பெயர்கள் பொது ஆவணங்களில் பதிவாகியுள்ளன. குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி என்பன அவற்றுள் இரண்டு. இப்பெயர்களை நாம் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் விளக்குவோம்.

அச்செடிக்கு இன்று வழங்கும் பெயர் ஆரோக்கியப்பச்சை. உடல்நலம் தரும் பச்சை என்பது பொருள். தாவர நூலார் அதனை ட்ரைக்கோப்பஸ் ஸெய்லானிக்கஸ் என்பர். ஜெர்மானியத் தாவர அறிஞர் கெர்ட்னர் 1788ஆம் ஆண்டிலேயே இப்பேரினத்திற்குப் பெயரிட்டுவிட்டார். பெயரில் இலங்கை இருப்பதைக் காண்க. இலங்கையிலும் மலாய்த் தீபகற்பத்திலும் இச்செடி உண்டு. ஆயினும் பொதிகைத் தொடரில் வளரும் உள்ளினம் தனியானது. திருவிதாங்கூரின் பெயரால் வழங்குவது. நிழலடர்ந்த காட்டில், ஓடைக்கரை ஈரத்தில், மண்ணோடு ஒட்டி வளரும் சிறு செடி அது. நம் வீட்டில் அவித்துண்ணும் வள்ளிக்கிழங்குக்கு உறவினம் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். பெயரும் வடிவமும் 200 ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்தன. பயன் மட்டும் காணிகளின் நெஞ்சில் இருந்தது.

எதிர்ப்பாற்றல் என்பது யாது?

ஜம்முவிலிருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் இச்செடி சோதிக்கப்பட்டது. சுண்டெலிகளை நீரில் நீந்தவிட்டு, எவ்வளவு நேரத்தில் சோர்கின்றன என்று அளந்தனர். செடியின் விதையும் காயும் கொடுக்கப்பட்ட எலிகள் அதிக நேரம் நீந்தின. 1988இலும் 1989இலும் இம்முடிவுகள் ஆய்வு இதழில் வெளியாயின. கொரிய நாட்டு ஜின்செங் வேரோடு ஒப்பிட்டு, இதனைக் காணிகளின் ஜின்செங் என்று ஆய்வாளர்கள் அழைத்தனர். பின்னர் நடந்த ஆய்வுகளில் இலைகளிலும் கிளைக்கோலிப்பிடு வகைப் பொருள்கள் இருப்பதும், அவை களைப்பைப் போக்குவதோடு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதும் கண்டறியப்பட்டன.

எதிர்ப்பாற்றல் என்னும் சொல் இன்று கடைவீதியில் மிகவும் மலிந்துவிட்டது. ஆகவே அதன் பொருளைச் சிறிது நின்று நோக்குதல் தகும். இக்கால அரபியில் இதற்கு மனாஆ என்று பெயர். தடுத்தல், அணுகவொண்ணாத அரணாயிருத்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது. கோட்டைச் சுவர் என்று கொண்டால் நம் நெஞ்சில் எளிதில் பதியும். ஆனால் உடலின் கோட்டை வெறுஞ்சுவரன்று. காவலரும் ஒற்றரும் நிறைந்த கோட்டை. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் சில, புதிதாய் நுழைந்த எதனையும் உடனே எதிர்க்கும். வேறு சில, ஒருமுறை கண்ட பகைவனின் முகத்தை நினைவில் வைத்து, அவன் மறுமுறை வரும்போது அடையாளங்கண்டு விரட்டும். தடுப்பூசி இந்நினைவை உண்டாக்குவது. மூலிகைகளில் சில, முதல்வகைக் காவலரைச் சுறுசுறுப்பாக்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் ஒன்றல்ல.

ஒருமுறை பெரியம்மை கண்டவருக்கு அது மீண்டும் வருவதில்லை என்பதற்குக் காரணம் தேடியவர்களுள் முன்னோடி, 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்ராஸி அவர்கள். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி அவர்கள் எழுதிய நூல் மருத்துவ உலகில் புகழ்பெற்றது. குழந்தையின் இரத்தம் புதிதாய்ப் பிழிந்த திராட்சைச் சாற்றைப் போன்றது. அது ஒருமுறை பொங்கித் தெளிந்துவிட்டால் மறுபடி பொங்காது. அப்பொங்குதலே அம்மை என்பது அவர்கள் கருத்து. இக்கால அறிவு அக்காரணத்தை ஏற்கவில்லை. ஆயினும் கேள்வி சரியான கேள்வி. அன்றியும், ராஸி அவர்கள் ஒரு சிகிச்சையைச் சிலருக்குச் செய்து, வேறு சிலருக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் பெருநூலாகிய அல்ஹாவியில் குறித்துள்ளார்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தைப் புகழலாகாது என்னும் பாடத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்.

அப்பாடத்தை ஆரோக்கியப்பச்சைக்கும் நாம் பொருத்தியாக வேண்டும். அதைப் பற்றி வெளியான ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளின் மீது நடந்தவை. எலியில் கண்டது மனிதனில் அவ்வாறே நிகழும் என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்பாற்றல் கூடுவது எப்போதும் நன்மையே என்பதும் பிழை. மூட்டுவாதத்தில் சில வகைகளும் ஆஸ்துமாவும் காவலர் தம் வீட்டாரையே தாக்குவதாலும், தேவையின்றிக் கொந்தளிப்பதாலும் வருபவை. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பெற்றோர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தையே வாழ்நாள் முழுதும் உண்கின்றனர். அத்தகையோருக்கு எதிர்ப்பாற்றல் மருந்து என்ற பெயரில் ஒரு குப்பியை அன்பாய்க் கொடுப்பது தீங்காய் முடியக்கூடும்.

ஜீவனி

கேரளத்தில் பாலோடு என்னுமிடத்தில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் உள்ளது. இன்று ஜவஹர்லால் நேருவின் பெயர் தாங்கியுள்ள அந்நிறுவனத்திற்கு 1990இல் புஷ்பாங்கதன் அவர்கள் இயக்குநரானார்கள். அங்கே ஆரோக்கியப்பச்சை இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு மருந்து உருவாக்கப்பட்டது. அதன் பெயர் ஜீவனி. 1995 நவம்பரில் அம்மருந்தைச் செய்து விற்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது.

அக்காலத்தில் இவ்வாறு செய்யவேண்டுமென்று இந்திய நாட்டில் சட்டமேதும் இல்லை. 1992இல் ரியோ நகரில் உருவான பல்லுயிர் உடன்படிக்கை இக்கொள்கையைப் பேசியிருந்தது, அவ்வளவே. பழங்குடியின் அறிவால் வந்த வருவாயில் பழங்குடிக்கே பங்கு என்பதை எழுத்தில் வைத்து நடைமுறையாக்கிய முதல் முயற்சிகளுள் ஒன்றாக இது உலகெங்கும் பேசப்பட்டது. இதற்கென 1997 நவம்பரில் கேரளக் காணி மக்களின் நல அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. 1999இல் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்கில் சேர்ந்தது. மலைநாட்டார் கையில் அறிவுக்கான ஊதியம் சேர்ந்தது பாராட்டுக்குரிய செய்தி என்பதில் ஐயமில்லை.

பாராட்டோடு நின்றால் நாம் வரலாறு எழுதியவர்கள் ஆகமாட்டோம். மறுபக்கத்தையும் காண்போம். உரிமம் வழங்கப்படுவதற்கு முன்பே, 1995 செப்டம்பரில், பிலாத்திகள் ஒன்பது பேர் கேரள முதலமைச்சருக்கு ஒரு மனு அனுப்பினர். தங்கள் குலத்தின் மருத்துவ அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்கலாகாது என்பது அம்மனுவின் சாரம். காணி வழக்கப்படி மருத்துவ அறிவின் காவலர் பிலாத்தியே அன்றோ? வழிகாட்டிய இளைஞர் பிலாத்திகள் அல்லர். வீட்டுப் பெரியவரைக் கேளாமல் வீட்டுப் பொருளைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தால், வாங்கியவர் விலை கொடுத்தாராயினும் பெரியவர் மனம் ஆறுமா? அறக்கட்டளையின் முதல் ஈடுபாடும் வழிகாட்டிகள் வாழ்ந்த குற்றிச்சல் பகுதியிலேயே இருந்தது. விதுரை, பெரிங்ஙமலைப் பகுதிகளின் காணிகள் தம்மைக் கேட்காமலே எல்லாம் நடந்துவிட்டதாக வருந்தினர்.

வேறொரு தடையும் வந்தது. மருந்துக்கு வேண்டுவது இலை; வேரோடு பிடுங்கத் தேவையில்லை. ஆனால் விலை பேசப்பட்டவுடன் செடியை வேரோடு பெயர்த்துச் செல்வோர் தோன்றினர். செடி அழிந்துவிடும் என்று வனத்துறை அஞ்சியது. காணிகள் அதனைப் பறிக்கவும் பயிரிட்டு விற்கவும் தடை எழுந்தது. காட்டுக்கு வெளியே பயிரிட்டாலோ, செடிக்குக் காட்டு நிழலில் இருந்த குணம் குறைவதாகக் கூறப்பட்டது. ஆக, அறிவுக்கு உரிய பங்கு கிடைத்த மக்களுக்கு இலைக்கு உரிய கூலி நிலையாகக் கிடைக்கவில்லை. மருந்தின் பெயரையே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் வணிகச் சின்னமாக்கிக்கொள்ள முற்பட்ட செய்தியும் பின்னர் வெளிவந்தது. ஏழாண்டு உரிமம் 2002இல் நிறைவுற்றது.

இனி, முன்பு நினைவில் இருத்துமாறு வேண்டிய எல்லைக் கோட்டுக்கு வருவோம். அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கு உரியது. மலையின் கீழைச் சரிவில், தாமிரபரணியின் தலையூற்றில் வாழும் காணிகளுக்கு அதில் இடமில்லை. அச்செடியும் காடும் பாட்டும் இரு பக்கத்தாருக்கும் பொது. பங்கு மட்டும் முகட்டோடு நின்றுவிட்டது. நம் மாவட்டத்து மயிலாற்றுக் காணியின் பாட்டனும், குற்றிச்சல் காணியின் பாட்டனும் ஒரே மூதாதையரிடம் கற்றிருக்கக்கூடும். அறிவுக்கு எல்லைக்கல் நடுவது எப்படி என்று எந்தச் சட்டமும் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

சொன்னவர் யார்?

மதரஸாவில் பயின்றோர் அனைவரும் இஸ்னாத் என்னும் சொல்லை அறிவர். ஒரு செய்தியை எடுத்துரைப்பவர், தமக்கு அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று தொடராகப் பெயர் கூறுதல் இஸ்னாத். செய்தி எத்துணை அழகாயிருப்பினும், தொடர் அறுந்திருந்தால் அதன் மதிப்புக் குறையும். நபிமொழிக் கலைக்காகச் செம்மையுற்ற இப்பழக்கம் அரபு அறிவுலகம் முழுவதிலும் பரவியது. மருத்துவமும் அதற்கு விலக்கன்று.

மாலகாவில் பிறந்து, 1248இல் திமிஷ்க் நகரில் மறைந்த இப்னுல் பைத்தார் அவர்களை எடுத்துக்கொள்வோம். எகிப்தை ஆண்ட அல்மலிக்குல் காமிலிடம் மூலிகையாளர்களின் தலைவராக இருந்தவர்கள். ஸ்பெயின் முதல் ஷாம் வரை அலைந்து செடிகளைக் கண்ணால் கண்டு, ஏறத்தாழ 1,400 தனிமருந்துகளை அகரவரிசையில் தொகுத்தவர்கள். அவர்கள் நூலின் சிறப்பு, ஒவ்வொரு செடியின் கீழும் இதைச் சொன்னவர் இன்னார் என்று பெயர் சுட்டுவது. கிரேக்கரான தியோஸ்கோரிதீஸின் பெயர் வரும். ஜாலினூஸின் பெயர் வரும். தம் ஆசிரியரான செவில் நகரத்து அபுல் அப்பாஸ் அந்நபாத்தி அவர்களின் பெயரும் வரும். சொன்னவர் எந்த நாட்டார், எந்தச் சமயத்தார் என்பது தடையாக இல்லை. அவருக்கு முன்னரே அல்பீரூனி அவர்கள் தம் மருந்தியல் நூலில் ஒவ்வொரு பொருளுக்கும் அரபு, பாரசீகம், கிரேக்கம், சுரியானி, இந்திய மொழிப் பெயர்களை வரிசையாகத் தந்துள்ளார்கள். ஒரு பொருளை எந்த மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பதை மறைக்காதிருப்பதும் நேர்மையின் ஒரு கூறே.

இதனை எண்ணியே குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி என்னும் பெயர்களை நாம் மேலே எழுதினோம். ஆரோக்கியப்பச்சையின் இஸ்னாதில் நமக்குத் தெரிந்த தொடக்கக் கண்ணிகள் அவர்களே. அவர்களுக்குச் சொல்லித் தந்தவர்களின் பெயர்கள் காட்டோடு போய்விட்டன.

இப்னுல் பைத்தார் அவர்களும் எத்தனையோ மலைவாசிகளிடமும் மேய்ப்பர்களிடமும் கேட்டறிந்திருப்பார்கள். அவர்கள் எல்லாருடைய பெயரும் நூலில் ஏறவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எழுதியவனின் பெயர் நிற்கிறது, வாயால் சொன்னவனின் பெயர் கரைகிறது. இது எல்லா நாகரிகங்களுக்கும் பொதுவான குறை. குறையை அறிந்தபின் தொடர்வதுதான் குற்றம்.

நாட்டின் சட்டங்கள் இக்குறையைத் தீர்க்க முயன்றுள்ளன. 2002இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. 2006இல் வன உரிமைச் சட்டம், பாரம்பரிய அறிவின் மீது காட்டுவாழ் மக்களுக்குள்ள சமுதாய உரிமையை ஏற்றுக்கொண்டது. 2010இல் நகோயா நகரில் உலக நாடுகள் பலன் பகிர்வுக்கென ஒரு நெறிமுறை வகுத்தன. அது 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2023இல் நம் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது, நூல்களில் தொகுக்கப்பெற்ற பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்வுக் கடமையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. இதன் விளைவை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நூலில் ஏறிய அறிவு பொதுச்சொத்து போலாகிறது. நெஞ்சில் உள்ள அறிவுக்கு உரிமை உண்டு. ஆனால் சான்று இல்லை. பெயரின்றி எழுதினால் உரிமை போகும். எழுதாமலே விட்டால் அறிவே போகும். காணிகள் நிற்கும் இக்கட்டான இடம் இதுவே.

நம் வீடுகளில்

இது மலைவாசிகளின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2012இல் கடையநல்லூரிலும் சுற்றூர்களிலும் டெங்குக் காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. அவ்வாண்டு தமிழகத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதி அன்றைய திருநெல்வேலி மாவட்டமே. அப்போது அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்னும் ஒன்பதும் சேர்ந்த கசாயம் அது. 1964இல் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கேயே இருப்பதால், சித்த மருத்துவம் நம் பகுதியாருக்கு அயலானதன்று. 2020இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர் தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்டது. அத்தோடு எதிர்ப்பாற்றல் என்ற சொல்லை ஒட்டிய குப்பிகளும் பொடிகளும் கடைகளில் நிறைந்தன.

கசாயம் குடிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் டெங்குக் காய்ச்சலில் உயிர் காப்பது, உடலில் நீர் குறையாமல் பார்ப்பதும், இரத்தத் தட்டணுக்களை அளப்பதும், அபாய அறிகுறி கண்டவுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதுமே. வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் ஆகியவை கண்டால் கசாயத்தை நம்பி ஓர் இரவும் காத்திருக்கலாகாது. தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்காத வீட்டில் எத்தனை குடிநீர் காய்ச்சினாலும் கொசு வராமல் இராது.

குப்பி வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். உள்ளே இருப்பது என்ன? அது சோதிக்கப்பட்டது எலியிலா, மனிதரிலா? இதனை முதலில் சொன்னவர் யார்? முதலிரண்டு கேள்விகள் நம் உடலைக் காக்கும். மூன்றாவது கேள்வி பிறருடைய உரிமையைக் காக்கும்.

நம் வீட்டு மூத்த பெண்மணிகளிடம் உள்ள கைமருந்து அறிவும் காணிப் பிலாத்தியின் அறிவைப் போன்றதே. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயமருந்து, குழந்தையின் மாந்தத்துக்கு உரை மருந்து, சளிக்குக் கருஞ்சீரகம் என உம்மாமார் நெஞ்சில் ஒரு நூலகமே உள்ளது. அவற்றுள் பயனுள்ளவையும் இருக்கும். கைவிட வேண்டியவையும் இருக்கும். எது எதுவென்று ஆராய்வதற்கு முதலில் அவை பதிவாக வேண்டும். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் காயல்பட்டினத்திலும் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளைகள், விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம் கண்ணும்மாவின் அருகில் அமரலாம். மருந்தின் பெயர், செய்முறை, அளவு, யாருக்குக் கொடுக்கலாகாது என்பனவற்றை எழுதட்டும். ஒவ்வொன்றின் கீழும், இதைச் சொன்னவர் இன்னார், அவருக்குச் சொன்னவர் இன்னார், அவர்தம் ஊர் இன்னது என்று எழுதட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம். குட்டிமாத்தன் காணியின் பாட்டனாருக்கு அவ்வாறு எழுதி வைக்க ஒருவரும் இருந்திலர்.